கிணற்றுக்கு நான் போட்ட மூடி

“அண்ணா, வந்து உங்க வேலைய நீங்களே ஒருக்கா பாத்துட்டுப் போங்க” என்று முனியப்பன் போனில் சொன்னதும், எங்கோ வெல்டு விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

முனியப்பன் எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றை ஒட்டி இஸ்திரி வண்டி போட்டிருப்பவர். ஒரு வாரத்துக்கு முன்புதான் அந்தக் கிணற்றுக்கு நான் இரும்பு மூடி போட்டிருந்தேன். பதினைந்தடி அகலக் கிணறு. சுற்றி ஆங்கிள் சட்டம், நடுவில் தாங்குவதற்குக் கனமான சேனல், மேலே நெருக்கமாகச் சதுரக் கம்பி.

போய்ப் பார்த்தால் வெல்டு ஒன்றும் விடவில்லை. மூடியின் நட்டநடுவில், தண்ணீருக்கு நேர் மேலே, ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது.

அதன் தலைக்கு மேல், மூடியிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. கிணற்றோரத்துக் கருவேல மரம் வளைந்து வந்து கிணற்றின் வாய்க்கு மேல் கிளை நீட்டியிருக்கும். கூடுகள் எல்லாம் அந்தக் கிளையில். பூனை பின்னங்காலில் எழும்பித் தாவி, ஒரு கூட்டின் கீழ்க்குழாயைப் பற்றித் தொங்கியது. கூடு கிழிந்து மூன்று குஞ்சுகள் கம்பிகளின் மேல் விழுந்தன.

தண்ணீரில் விழவில்லை. விழவும் விழாது. “ஒரு எலுமிச்சங்காகூட உள்ள போவாதுங்க” என்று வார்டு மெம்பரம்மாவிடம் நானே பெருமையடித்துக்கொண்ட இடைவெளி அது.

செருப்பைக் கழற்றி எறிந்தேன். பூனை ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு, அவசரமே இல்லாமல் மூடி மேலேயே நடந்து இறங்கிப் போனது. மற்ற இரண்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அதுவும் இல்லை.

“இந்தப் பூன இத்தன வருசமா இங்கதாங்க சுத்துது. கெணத்து மேல நடக்கறதுக்கு இப்பத்தான் அதுக்கு வழி கெடச்சுது” என்றார் முனியப்பன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சட்டையை மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

விரட்டுகிற தொழில்

போன வாரம் இதே பக்கத்தில், தொப்பூர் கணவாயில் லாரிக்கு அடியில் படுத்து வெல்டு வைத்த நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அங்கே எங்கள் கொட்டகைக்கு எதிர்ப்புறம் குரங்குகள் வந்து உட்காரும். வேலை இல்லாத நேரத்தில் எனக்குக் கை சும்மா இருக்காது. டீக்கடை பன்னைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவேன். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வரும் ஒரு பெண் குரங்கு என்னை நன்றாக அடையாளம் வைத்திருந்தது. ஒருநாள் நான் பன்னைக் கையில் எடுத்ததுமே அது சாலையில் இறங்கிவிட்டது. சேலம் பக்கமிருந்து இரும்பு ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது.

அதற்குமேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அதோடு பன் போடுவதை விட்டேன். குரங்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பிறகு பொம்மிடி போகிற சாலையில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்து கிரில் பட்டறை வைத்தேன். இந்த ஊரில் வெல்டருக்கு என்ன வேலை வரும் என்று நினைக்கிறீர்கள்? மொட்டைமாடிக்குக் குரங்கு கிரில். மளிகைக் கடைக்கு எலி வலை. துணிக்கடைப் பெயர்ப்பலகையில் புறா உட்காராமல் இருக்க முள்ளு முள்ளாகக் கம்பி. சாக்கடைக் குழாய் வழியாகப் பாம்பு வராமல் இருக்க ஜல்லடை. கோழிக்குக் கூண்டு, அந்தக் கூண்டுக்குக் கீரி வராமல் இன்னொரு கூண்டு.

ஊர் பெரிதாகப் பெரிதாக, எதுவும் உள்ளே வராமல் அடைக்கிற வேலையும் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த வேலைக்கு ஆள் நான். அதில் எனக்கு மனக்கஷ்டம் ஒன்றும் இருந்ததில்லை. குரங்கு வந்து குழம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போன வீட்டில் நின்று ஜீவகாருண்யம் பேச முடியுமா? பேசினால் அடுத்த சட்டி நம் தலையில்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்கு உட்கார வராது. என் மனைவி ஜெயராணி, “கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரியே திரியறீங்க” என்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தால், நான் வெளியே போய் மாதா சிலை வைத்த கெபியின் கேட்டில் எங்கே துரு பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த வேலையையும் யோசித்துச் செய்தவனில்லை. செய்துவிட்டு யோசிப்பவன்.

சித்ராவின் மகள்

அந்த மூடியை நான் சும்மா போடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சித்ராவுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

ஒரு காலத்தில் அது யாரோ ஒருவரின் சோளக்காட்டுக் கிணறு. ஊர் நகர்ந்து நகர்ந்து வந்து அதைச் சுற்றிக்கொண்டது. சோளக்காடு மனையாகி, மனை தெருவானது. கிணறும் கருவேல மரமும் மட்டும் நடுத்தெருவில் மிச்சம். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. இன்றைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனோம்.

சித்ரா அங்கிருந்து இரண்டாவது வீடு. ஜாக்கெட் தைப்பவர். மகள் தர்ஷினி யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். காற்றில் விழுந்த காலி குருவிக்கூடு ஒன்று சுவரின் உள்பக்கம் சிக்கிக் கிடந்திருக்கிறது. அதை எடுக்க இடிந்த பக்கமாக ஏறிக் கை நீட்டியவள் உள்ளே போய்விட்டாள்.

முனியப்பன் இஸ்திரிப்பெட்டியைப் போட்டது போட்டபடி குதித்தார். தண்ணீர் நிறைய இருந்ததால் பிள்ளைக்கு அடிபடவில்லை. தூக்கி வந்து தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை எடுத்தார்கள். சித்ரா அழவில்லை என்று சொன்னார்கள். தெருவிலேயே உட்கார்ந்து, மகளின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லையாம்.

மறுநாளே மெம்பரம்மாவிடமிருந்து என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. கிணற்றை மூடவேண்டும். மூன்று நாளில் மூடினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். மூடியோ மாடிப்படியோ, எது செய்தாலும் வேலை கொடுத்தவர் கண்முன்னால் அதன்மேல் ஏறிக் குதித்துக் காட்டிவிட்டுத்தான் ஒப்படைப்போம். நான் ஏறினேன். தெம்பான ஆட்கள் நான்கு பேரையும் ஏற்றினேன். ஐந்து பேருமாகக் கிணற்றுக்கு மேல் நின்று குதித்தோம். மெம்பரம்மா போட்டோ எடுத்துப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அனுப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். தலைக்கு மேல் குருவிகள் கத்திக்கொண்டிருந்ததை நான் கைதட்டலோடு சேர்த்துக் கொண்டேன்.

சித்ரா கடைசியாக வந்து ஒரு காலை மட்டும் வைத்து அழுத்திப் பார்த்தார். “இனிமே நான் கம்முனு தூங்குவேங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

முள்ளும் எச்சில் இலையும்

பூனையைப் பார்த்த அன்றே வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து மூடி முழுக்கப் பரப்பினேன். மறுநாள் பூனை முள்ளுக்கு நடுவில் கால் பார்த்து வைத்து நடந்தது. நம்மைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

தட்டையாக ஒரு இடம் கிடைத்தால் நம் சனம் சும்மா விடுமா? பக்கத்து டிபன் கடை எச்சில் இலை மூடி மேல் வந்தது. அதற்குக் காக்கை வந்தது. காக்கை இலையோடு நிற்கவில்லை, கூட்டையும் பார்த்தது. பதினொரு கூடு இருந்தது, ஏழானது. நான் தினமும் காலையில் முதல் வேலையாகப் போய் அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டறையில் கை வேலை செய்தது, மனசு கிணற்றடியில் நின்றது. இருப்புக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. அந்தக் குருவிகள் கிணற்றுக்கு மேல் வீடு கட்டியதே, கீழே யாரும் நிற்க முடியாது என்பதால்தான். இரைக்கும் நாருக்கும் கடத்தூர் சாலைப் பக்கம் மிச்சமிருக்கிற சோளக்கொல்லைகளுக்குப் பறந்து போய், திரும்ப நடுத்தெருவுக்கு வந்தன. அங்கே போய் நான் தரை போட்டுக் கொடுத்திருந்தேன். பூனை மேல் என்ன தப்பு?

மூடியை எடுத்துவிட்டு, கிணற்றைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேல் வேலி போடவேண்டும். அவ்வளவுதான் வழி. பிள்ளையும் உள்ளே போகக்கூடாது, கிணற்றின் வாயும் திறந்திருக்க வேண்டும். ஆனால் புதிதாக இரும்பு வாங்கப் பணத்துக்கு வழியில்லை. வேலிக்கான கம்பி மூடியில்தான் இருந்தது. மூடியைப் பிரித்தால்தான் வேலி.

“மூடுனதுக்கு போட்டோ அனுப்பிட்டமேண்ணா. இப்பத் தொறந்தா என்னான்னு சொல்றது?” என்றார் மெம்பரம்மா.

“வேலிக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க.”

“சித்ரா சரின்னு சொன்னா எனக்கும் சரி. அவகிட்ட நான் பேச மாட்டேன். நீங்களே பேசுங்க.”

நான் போய்ப் பேசவில்லை. தைரியமில்லை. விஷயம் காதில் விழுந்து சித்ராவே பட்டறைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“குருவிக்கு மரம் எத்தனையோ இருக்குதுங்கண்ணா. எனக்குப் புள்ள ஒன்னுதான்.”

அவற்றுக்கும் மிச்சமிருப்பது அந்த ஒரு மரம்தான் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கிணற்றிலிருந்து வாங்கிய தாயிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கூட்டுக்குக் கை நீட்டித்தானே பிள்ளை விழுந்தாள்?

“ஆறடி வேலிம்மா. கால் வெச்சு ஏற நடுவுல குறுக்குப் பட்டையே வராது. தூணை முன்னாடியே கான்கிரீட் போட்டு நட்டுடறேன். மூடிய எடுக்கற அன்னைக்கே பொழுது சாயறதுக்குள்ள வேலி நிக்கும். மாதா மேல சத்தியம்.”

“சத்தியமெல்லாம் வேணாங்க” என்றார். “பொழுது சாயறதுக்குள்ள நிக்கணும். அது போதும்.”

கரண்ட் போன சனிக்கிழமை

தூண்களை நட்டு, காயவிட்டு, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கேஸ் கட்டரோடு போய்விட்டேன். எட்டரைக்கெல்லாம் மூடி துண்டு துண்டாகத் தெருவோரம் கிடந்தது. கிணறு ஆவென்று திறந்திருந்தது. வெல்டிங் மெஷினுக்கு ஒயரை இழுத்து, ஹோல்டரில் ராடை மாட்டி, முதல் கம்பியை நிறுத்தினேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

“இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புண்ணா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் வரும்” என்றார் முனியப்பன். அவருடையது கரி இஸ்திரிப்பெட்டி, அவருக்கென்ன? “குரூப்புல நேத்தே போட்டிருந்தாங்களே. நீங்க பாக்கலீங்களா?”

நான் எங்கே பார்த்தேன்? காலை வணக்கம் போடுகிறவர்களின் தொல்லைக்குப் பயந்து அந்த குரூப்பையே திறப்பதில்லை. ஜெனரேட்டர்காரருக்குப் போன் போட்டால், பொம்மிடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை வேறு. பள்ளிக்கூடம் இல்லை. தெருப் பிள்ளைகள் அத்தனையும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தன.

சித்ரா வந்தார். திறந்த கிணற்றைப் பார்த்தார். செத்துக் கிடக்கும் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போய், தர்ஷினியை எங்கள் வீட்டில் ஜெயராணியிடம் விட்டுவிட்டு, கொக்கி தைக்கவேண்டிய ஜாக்கெட்டுகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தார். இடிந்த சுவர்ப் பக்கம் உட்கார்ந்தார்.

“நான் இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கம். முனியப்பண்ணன் வண்டிப் பக்கம் பாத்துக்கட்டும்” என்றார்.

பந்து ஒருமுறை கிணற்றில் விழுந்தது. ஐந்தாறு பேர் திபுதிபுவென்று ஓடி வந்தார்கள். சித்ரா எழுந்து நின்றார். “ஒருத்தன் கிட்ட வந்தீங்க, கால ஒடைச்சுப்புடுவேன்” என்று ஊசியைக் காட்டினார். ஆட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

எனக்குக் கை பரபரத்தது. கேஸ் கட்டருக்குக் கரண்ட் வேண்டாமே என்று கம்பிகளையெல்லாம் அளந்து வெட்டி அடுக்கினேன். உச்சிவேளைக்குள் அதுவும் முடிந்துவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. எழுந்தால் அந்தப் பக்கம் யாராவது வந்துவிடுவார்களோ என்று பயம். என் ஆயுசில் முதல்முறையாக ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தேன். நரகமாக இருந்தது. சிகரெட்டும் பிடிப்பதில்லை.

வேறு வழியில்லாமல்தான் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் இரும்புச் சத்தத்துக்குப் பறந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பின. வாயில் பச்சைப் புழுவோடு பெட்டை கூட்டுக்குழாய்க்குள் நேராக மேலே ஏறும், உள்ளே கீச்சுக் கீச்சென்று கேட்கும், வெறும் வாயோடு கீழே விழுகிறமாதிரி வந்து பறந்துவிடும். கிணற்றுச் சுவரின் ஒரு பொந்திலிருந்து மீன்கொத்தி ஒன்று எட்டிப் பார்த்தது. கல்லிடுக்கில் தவளைகள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நான் மூடி போட்டிருக்கிறேன். கிணற்றுக்குள் தண்ணீரும் குப்பையும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு மனசு கேட்காது, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஏழு கூடுகளும் அதற்குப் பிறகு கிழியவில்லை. பூனை இன்றும் வந்து வேலியின் மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கும். நடக்கத் தரை இல்லை.

“எத்தன தடவ போயிட்டு வந்துச்சுங்க அந்தக் கடைசிக் கூட்டுக் குருவி?” என்று சித்ரா திடீரென்று கேட்டார்.

“எண்ணலைம்மா.”

“நான் எண்ணிட்டுதான் இருக்கறேன்” என்றார். கொக்கியில் நூலை இறுக்கி, பல்லால் கடித்து அறுத்தார். “அதுக்கோசரம் எனக்கு மனசு எளகிப்போச்சுன்னு நெனச்சுக்காதீங்க. கரண்ட் வந்ததும் எந்திரிங்க.”

பொழுது சாய்வதற்குள்

ஐந்து மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஐந்தரைக்கு வந்தது. புரட்டாசி மாதத்து வெயில், ஆறரைக்கெல்லாம் இறங்கிவிடும். தர்ஷினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெயராணியும் வந்துவிட்டாள். பிள்ளையைச் சித்ராவிடம் கொடுத்துவிட்டு, முனியப்பனும் அவளும் கம்பியை நிறுத்திப் பிடிக்க, நான் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று வெல்டு வைத்துக்கொண்டே போனேன். முழு வெல்டு நாளைக்கு இழுத்துக்கொள்ளலாம், இன்றைக்கு நின்றால் போதும் என்பது என் கணக்கு.

“மெதுவாப் பண்ணுங்க” என்றாள் ஜெயராணி. காதில் வாங்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன், வானம் சிவந்துகொண்டிருக்கிறது.

கடைசிக் கம்பியை ஒட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கியபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “முடிஞ்சுதும்மா” என்றேன். குரலில் பெருமை இருந்திருக்கும்.

சித்ரா பிள்ளையை ஜெயராணியிடம் கொடுத்தார். வேலிக்கு வந்து முதல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அடுத்த கம்பி. அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி வட்டம் போனதும் எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. என் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்று கோபம் வந்தது.

மரத்துக்குப் பின்பக்கம் போனவர் நின்றுவிட்டார். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு கம்பி முழுசாக அவர் கையோடு வந்திருந்தது. மேல் புள்ளியும் பிடிக்கவில்லை, கீழ்ப் புள்ளியும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் தர்ஷினி தாராளமாக நுழைவாள்.

அவர் கம்பியை இருந்த இடத்திலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, “வைங்க” என்றார்.

ஹோல்டரில் புது ராடை மாட்டினேன். “கண்ண மூடிக்கம்மா. வெளிச்சம் அடிக்கும்.”

“நீங்க வைங்க.”

“வெறுங்கண்ணால பாக்கக் கூடாதும்மா. ராத்திரியெல்லாம் மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி எரியும். முகத்தத் திருப்பிக்க.”

“நான் பாக்கறேன். நீங்க வைங்க” என்றார்.

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. வைத்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து எனக்கு நெருப்பு மட்டும்தான் தெரிந்தது. மேலே வைத்து முடித்துக் குனிந்தபோது பார்த்தேன், இமைகூடத் தட்டாமல் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வைக்கும்போதும் அப்படித்தான். இரண்டு வெல்டையும் என் தொழிலில் நான் வைத்ததிலேயே நிதானமாக வைத்தேன்.

மறுநாள் கோயிலுக்குப் போகவில்லை. விடிந்ததும் வந்து, புள்ளி வைத்ததையெல்லாம் முழு வெல்டாக இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே குருவிகள் அவைபாட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன.

தர்ஷினி தன் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சித்ராவின் இமைகள் வீங்கி, கண் திறக்க முடியாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவர் மரத்தைத் தொட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து தடவித் தடவி வந்து, அந்தக் கம்பியைக் கண்டுபிடித்தார்.

இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்து ஆட்டினார். பிறகு மகளின் கையை விடாமலேயே அடுத்த கம்பிக்குப் போனார்.